பெருச்சாளியும் அம்போலித் தேரையும்

பெருச்சாளியைப் பார்க்காதவர் மும்பையில் உண்டா? இருக்க முடியாது. தாராவியில் கட்டர் மூடியைத் தூக்கினால் ஓடும். மாதுங்கா மார்க்கெட்டில் கடை அடைத்த பிறகு உலாவும். செம்பூரில் ரயில் பாதை ஓரம் பார்க்கலாம். பூனைகூடச் சில நேரம் அதற்கு வழி விட்டு ஒதுங்கும். அவ்வளவு தடி.

அம்போலித் தேரையைப் பார்த்தவர் உண்டா? நம்மில் அநேகமாக யாரும் இருக்க மாட்டோம். அந்தப் பெயரையே பலர் இப்போதுதான் படிக்கிறோம்.

பெருச்சாளி, தேரை இரண்டும் நம் மகாராஷ்டிர மாநிலத்தில் வாழ்கின்றன. இரண்டும் தரையில் வாழ்கின்றன. பகலில் ஒளிந்து இரவில் வெளியே வருகின்றன. இரண்டையும் கண்டால் மனிதர்கள் முகம் சுளிக்கிறார்கள்.

பெருச்சாளியை மும்பை நகரம் நூறு வருடத்துக்கு மேலாகக் கொன்று வருகிறது. அது குறையவில்லை. அம்போலித் தேரையைக் கொல்ல வேண்டும் என்று யாரும் நினைக்கவில்லை. அது அழியும் நிலைக்கு வந்துவிட்டது.

இது எப்படி? அதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

பெருச்சாளியின் கதை

முதலில் நமக்குத் தெரிந்ததைப் பார்ப்போம்.

பெருச்சாளியில் பெரியது, சிறியது என்று வகைகள் உண்டு. பெரியது ஒரு கிலோ எடை வரை வளரும். சிறியது கால் கிலோ, அரைக் கிலோவுக்குள் இருக்கும். மும்பையில் சிறிய வகை மிகவும் அதிகம். மராத்திக்காரர்களும் இந்திக்காரர்களும் இதைக் 'கூஸ்' என்பார்கள்.

ஆங்கிலத்தில் இதற்கு 'பாண்டிகூட்' என்று பெயர். அது ஆங்கிலச் சொல்லே அல்ல. தெலுங்கில் 'பந்திகொக்கு' என்பார்கள். பன்றி எலி என்று பொருள். வெள்ளைக்காரர் வாயில் அது பாண்டிகூட் ஆனது. கோபம் வந்தால் பெருச்சாளி பன்றி மாதிரியே உறுமும். பெயர் வைத்தவர்கள் சரியாகத்தான் வைத்திருக்கிறார்கள்.

பெருச்சாளி மண்ணைத் தோண்டும். வளை அமைக்கும். வயலில் இருந்தால் நெற்கதிரை வெட்டி வளைக்குள் சேர்த்து வைக்கும். திருநெல்வேலிப் பக்கம் வயல் வேலை பார்த்தவர்களுக்கு இது தெரியும். எலி வளையை வெட்டினால் உள்ளே நெல் கிடைக்கும். அந்த நெல்லை எடுத்துச் சோறாக்கிச் சாப்பிட்ட குடும்பங்கள் நம் ஊர்களில் உண்டு.

நகரத்தில் அதற்கு வயல் இல்லை. அதனால் ஒரு கஷ்டமும் இல்லை. கட்டர் இருக்கிறது. கச்சரா குவியல் இருக்கிறது. மீன் கழிவு, கறிக்கடைக் கழிவு, மிச்சச் சோறு, காய்கறித் தோல் எல்லாம் தின்னும். சுவருக்கு அடியில் மண் இருந்தால் போதும், தோண்டி வீடு கட்டிக்கொள்ளும். அதன் முன்பற்கள் சாகும் வரை வளர்ந்துகொண்டே இருக்கும். அதனால் எதையாவது கடித்துத் தேய்த்துக்கொண்டே இருக்க வேண்டும். மரக் கதவு, பிளாஸ்டிக் டப்பா, மின்சார வயர் எதையும் விடாது.

குட்டி போடும் வேகத்தைப் பாருங்கள். தாய் மூன்று வாரத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகச் சுமக்கும். ஓர் ஈற்றில் ஆறு, ஏழு குட்டி போடும். சில நேரம் பத்துக்கு மேலும் போடும். அந்தக் குட்டிகள் சுமார் மூன்று மாதத்தில் தாய் ஆகிவிடும்.

ஒரு கணக்குப் போடுவோம். ஆண்டுக்கு நாலு ஈற்று என்று குறைத்தே வைப்போம். ஈற்றுக்கு ஆறு குட்டி. 4 x 6 = 24. ஒரே தாய், ஒரே ஆண்டு, 24 குட்டி. அதில் பாதி பெண். அவையும் அதே ஆண்டில் குட்டி போடும். மேற்கொண்டு நீங்களே போட்டுப் பாருங்கள். தாளில் இடம் போதாது.

எலியும் மும்பையும்

1896-ஆம் ஆண்டு மும்பையில் பிளேக் நோய் வந்தது. துறைமுகத்துக்குப் பக்கத்தில் உள்ள மாண்ட்வி என்ற இடத்தில் முதலில் தெரிந்தது. அங்கே தானியக் கிடங்குகள் நிறைய இருந்தன. டாக்டர் அகாசியோ வியேகாஸ் என்பவர் இது பிளேக்தான் என்று கண்டு சொன்னார். ஆயிரக்கணக்கில் மக்கள் இறந்தார்கள். லட்சக்கணக்கானவர்கள் ஊரை விட்டு ஓடினார்கள்.

எலிக்கும் பிளேக்குக்கும் என்ன தொடர்பு என்று அப்போது சரியாகத் தெரியாது. 1898-இல் சிமோன் என்ற பிரெஞ்சு மருத்துவர் அதைக் கண்டுபிடித்தார். எலியின் உடம்பில் தெள்ளுப்பூச்சி இருக்கும். நோயால் எலி செத்ததும் அந்தப் பூச்சி வேறு உடம்பைத் தேடும். மனிதனைக் கடிக்கும். நோய் வந்துவிடும்.

ஹாஃப்கின் என்ற விஞ்ஞானி 1897-இல் மும்பையிலேயே பிளேக்குக்குத் தடுப்பூசி செய்தார். முதலில் தன் உடம்பிலேயே போட்டுப் பார்த்தார். பரேலில் அவர் பெயரில் ஒரு நிறுவனம் இருக்கிறது. அந்தப் பக்கம் போகிறவர்கள் பலகையைப் படித்துப் பாருங்கள்.

இன்னொரு செய்தி மாதுங்காவில் இருப்பவர்களுக்கு. நெருக்கமான சந்துகளில்தான் பிளேக் வேகமாகப் பரவியது. எனவே காற்றும் வெளிச்சமும் வரும்படி புதிய பகுதிகளை அமைக்க 1898-இல் அரசு ஓர் அமைப்பை உண்டாக்கியது. அந்த அமைப்பு திட்டம் போட்டு அமைத்த பகுதிதான் தாதர், மாதுங்கா, வடாலா எல்லாம். மாதுங்காவில் தெருக்கள் அகலமாக இருக்கின்றன. மரங்கள் இருக்கின்றன. ஐந்து தோட்டங்கள் இருக்கின்றன. பின்னால் நம் தமிழர்கள் பலர் அங்கே குடியேறினார்கள். ஒரு விதத்தில் பார்த்தால், அந்த அகலமான தெருக்களுக்குக் காரணம் எலிதான்!

அப்போதிருந்து மும்பை மாநகராட்சி எலிகளைக் கொன்று வருகிறது. இதற்காகவே இரவு வேலைக்கு ஆட்கள் வைத்தார்கள். கையில் தடி, டார்ச் லைட், ஒரு கோணிப்பை. ஓர் இரவுக்கு 30 எலி கொல்ல வேண்டும் என்பது அவர்களுக்கு வைத்த கணக்கு. காலையில் எண்ணிக் காட்ட வேண்டும். கடினமான வேலை. அந்த வேலை செய்தவர்களை நாம் மதிக்க வேண்டும்.

இத்தனை செய்தும் எலி குறையவில்லையே, ஏன்? தீனி குறையவில்லை. அதுதான் காரணம். பத்து எலி செத்தால் பத்து எலியின் சாப்பாடு மிச்சம். மீதி எலிகள் அதைத் தின்று கூடுதலாகக் குட்டி போடும். கச்சராவை அப்படியே வைத்துக்கொண்டு எலியை அடிப்பது, குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு தரையைத் துடைப்பது போல.

மழைக்காலமும் எலிக் காய்ச்சலும்

நம் வீட்டுக்கு நேராக வரும் ஆபத்து இது. இந்தப் பகுதியை மெதுவாகப் படியுங்கள்.

2005-ஆம் ஆண்டு ஜூலை 26-ஆம் தேதியை மும்பைக்காரர்கள் மறக்க மாட்டார்கள். சாந்தாகுரூசில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை. மித்தி ஆறு பொங்கியது. தாராவியில் வீட்டுக்குள் தண்ணீர். தண்ணீர் வடிந்த பிறகு பலருக்குக் காய்ச்சல் வந்தது. அதில் ஒன்று எலிக் காய்ச்சல். டாக்டர்கள் 'லெப்டோ' என்பார்கள்.

எலியின் மூத்திரத்தில் ஒரு கிருமி இருக்கும். பெருச்சாளி வளைக்குள் தண்ணீர் போனால் அந்தக் கிருமியும் தண்ணீரில் கலக்கும். நாம் அந்தத் தண்ணீரில் நடப்போம். காலில் சின்னக் காயம் இருந்தால் போதும். கிருமி உள்ளே போய்விடும். கண், வாய் வழியாகவும் போகும்.

காய்ச்சல், தலைவலி, கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு ஆகியவை அடையாளங்கள். பிறகு மஞ்சள் காமாலை வரலாம். சிறுநீரகம் கெடலாம். உயிரும் போகலாம். ஆனால் சீக்கிரமே மருந்து சாப்பிட்டால் குணமாகும். விலை அதிகம் இல்லாத மருந்துதான்.

ஆகவே தேங்கிய தண்ணீரில் நடந்தவர்கள், காய்ச்சல் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். மூன்று நாளுக்குள் மாநகராட்சி டிஸ்பென்சரிக்கோ சயான் ஆஸ்பத்திரிக்கோ போங்கள். "மழைத் தண்ணியிலே நடந்தேன்" என்று சொல்லுங்கள். கர்ப்பமாக இருந்தால் அதையும் சொல்லுங்கள். அதற்குத் தகுந்த மாத்திரை தருவார்கள். காயத்தைத் துணியால் மட்டும் கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்காதீர்கள். ரப்பர் பூட்ஸ் இருந்தால் போடுங்கள்.

எலி மருந்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த பேஸ்ட் டியூபில் வரும். பார்ப்பதற்குப் பல் விளக்கும் பேஸ்ட் மாதிரி இருக்கும். அதைக் குழந்தை வாயில் வைத்தால் முறிவு மருந்து கிடையாது. அது வீட்டிலேயே வேண்டாம். எலிப்பொறி போதும்.

அம்போலித் தேரையின் கதை

இப்போது நமக்குத் தெரியாததைப் பார்ப்போம்.

மகாராஷ்டிராவின் தெற்கு மூலையில் சிந்துதுர்க் மாவட்டம் இருக்கிறது. கோவாவுக்குப் பக்கம். அங்கே சாவந்த்வாடி தாலுகாவில், மேற்குத் தொடர்ச்சி மலை மேல் உள்ள சிற்றூர் அம்போலி. மும்பையிலிருந்து சுமார் 500 கிலோமீட்டர். நம் குற்றாலம் இருப்பதும் இதே மலைத்தொடரில்தான்.

அம்போலியில் மழை கொட்டும். மும்பையில் ஓர் ஆண்டு முழுவதும் பெய்யும் மழையைப் போல மூன்று மடங்கு அங்கே பெய்யும். மலை மேல் மரம் இல்லாத பாறை வெளிகள் உண்டு. செம்பாறைக் கல். கோடையில் காலை வைக்க முடியாது, அப்படிச் சுடும். மழை வந்ததும் பாறைக் குழிகளில் தண்ணீர் நிற்கும். சாப்பாட்டுத் தட்டு அளவு, அண்டா அளவு குட்டைகள்.

இந்தப் பாறைக் குட்டைகளில்தான் நம் தேரை முட்டை இடுகிறது. உலகத்தில் வேறு எந்த ஊரிலும் இந்தத் தேரை கிடையாது. அம்போலியிலும் அதைச் சுற்றிய சிறு பகுதியிலும் மட்டும்தான்.

அது சின்ன உயிர். பெரியவர்களின் கட்டை விரல் அளவுதான். விலாவில் புலிக்கு இருப்பது போல் கோடுகள் உண்டு. ஆண் தேரை முட்டை இடும் காலத்தில் மஞ்சளாக மாறும். 2009-இல்தான் விஞ்ஞானிகள் இது தனி இனம் என்று அறிவித்தார்கள். தில்லிப் பல்கலைக்கழகத்தின் எஸ்.டி. பிஜு, நம் மும்பை இயற்கை வரலாற்றுக் கழகத்தைச் சேர்ந்த வரத் கிரி ஆகியோர் அதில் முக்கியமானவர்கள். அம்போலி ஊர்க்காரர்கள் அதைத் தலைமுறை தலைமுறையாகப் பார்த்திருப்பார்கள். பெயர் வைக்கத்தான் இத்தனை காலம் ஆனது.

கோடையில் கல்லுக்கு அடியில் ஒளிந்து கிடக்கும். முதல் மழை விழுந்ததும் எல்லாம் ஒரே நேரத்தில் வெளியே வரும். ஆண்கள் குட்டை ஓரம் உட்கார்ந்து கத்தும். இடத்துக்காகச் சண்டையும் போடும். 'தவளை தன் வாயால் கெடும்' என்று நாம் பழமொழி சொல்கிறோம். பாவம், அது கத்தாவிட்டால் அதற்குக் கல்யாணம் நடக்காது.

மற்ற தேரைகள் ஒரே முறையில் ஆயிரக்கணக்கில் முட்டை இடும். அம்போலித் தேரை சில பத்து முட்டைகள்தான் இடும். அந்த முட்டைகள் ஒரு சாண் ஆழம்கூட இல்லாத தண்ணீரில் கிடக்கும். மழை தொடர்ந்தால் தலைப்பிரட்டை ஆகும். தலைப்பிரட்டைக்குக் கால் முளைத்து, வால் மறைந்து, தேரை ஆகும். நடுவில் சில நாள் மழை நின்று வெயில் அடித்தால் தண்ணீர் வற்றிவிடும். முட்டை காய்ந்து கருகிவிடும். அந்த வருடக் குட்டிகள் போச்சு.

இது இயற்கையாக உள்ள கஷ்டம். இதை அந்தத் தேரை எத்தனையோ காலமாகச் சமாளித்து வந்திருக்கிறது. ஆனால் இப்போது இன்னொன்று சேர்ந்துவிட்டது. அம்போலி சுற்றுலா ஊர் ஆகிவிட்டது. மழைக்காலத்தில் அருவி பார்க்கக் கூட்டம் வருகிறது. கார், பஸ், மோட்டார் சைக்கிள் எல்லாம் மலைச் சாலையில் ஓடுகின்றன. தேரை வெளியே வருவதும் அதே மழைக்காலம், அதே இரவு. சாலையைக் கடக்கும்போது சக்கரத்தில் நசுங்கிச் சாகிறது. ஓட்டுகிறவருக்குத் தெரியக்கூடத் தெரியாது. பாறை வெளியில் கட்டடம் கட்டினால் குட்டை போய்விடும். கோலாப்பூர் மாவட்டப் பக்கம் இது போன்ற பாறை வெளிகளை பாக்சைட் எடுக்கவும் வெட்டியிருக்கிறார்கள்.

அழியும் ஆபத்தில் உள்ள உயிர்களுக்கு உலக அளவில் ஒரு சிவப்புப் பட்டியல் உண்டு. அதில் இந்தத் தேரையின் பெயரும் இருக்கிறது, மிகவும் ஆபத்தான நிலையில்.

தேரை மேல் போட்ட பழி

நம் ஊர்களில் தேரைக்கு நல்ல பெயர் இல்லை. தேங்காய்க்குள் பருப்பு இல்லாவிட்டால் 'தேரை விழுந்தது' என்போம். தேரை எப்படித் தென்னை மரம் ஏறும்? ஓட்டை போடாமல் காய்க்குள் உள்ளதை எப்படித் தின்னும்? மரத்துக்குச் சத்துக் குறைவு, பூச்சி இவைதான் காரணம்.

இதைவிட மோசமானது ஒன்று உண்டு. குழந்தை மெலிந்து, விலா எலும்பு தெரிந்து, தோல் சுருங்கினால் 'தேரை தோஷம்' என்று சொல்வார்கள். மந்திரிக்கக் கொண்டு போவார்கள். அது தேரையால் வருவது அல்ல. அது சத்துக்குறைவு. பேதியும் சேர்ந்தால் குழந்தை பிழைப்பது கஷ்டம். அங்கன்வாடியில் எடை பார்க்க வேண்டும். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். தேரை மேல் பழி போட்டுக்கொண்டிருந்தால் குழந்தைதான் கையை விட்டுப் போகும்.

தேரையைத் தொட்டால் மரு வரும் என்பதும் பொய். அதன் தோலில் கொஞ்சம் விஷம் உண்டு. நாய் கவ்வினால் நுரை தள்ளும். தொட்ட கையைக் கழுவினால் போதும்.

எது ஏன் பிழைக்கிறது?

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.

பெருச்சாளி எங்கும் வாழும். கல்கத்தா, சென்னை, பர்மா, இலங்கை என்று பல இடங்களில் இருக்கிறது. ஓர் ஊரில் செத்தால் பத்து ஊரில் இருக்கும். அம்போலித் தேரைக்கு ஒரே ஊர்.

பெருச்சாளி எதையும் தின்னும். தேரை அசையும் பூச்சியை மட்டும் தின்னும். பெருச்சாளிக்கு எல்லா மாதமும் குட்டி போடும் மாதம்தான். தேரைக்கு மழையின் முதல் நாட்கள் மட்டும்.

இன்னொரு பெரிய வித்தியாசம் தோல். பெருச்சாளிக்குத் தடித்த தோல், மேலே முடி. சாக்கடையில் முங்கி எழுந்தாலும் ஒன்றும் ஆகாது. தவளை, தேரை இவற்றின் தோல் அப்படி அல்ல. தவளை தண்ணீரை வாயால் குடிப்பது இல்லை. தோலால் உறிஞ்சிக்கொள்ளும். தோலால் மூச்சும் விடும். அதனால் தண்ணீரில் சோப்பு, எண்ணெய், பூச்சி மருந்து எது கலந்தாலும் நேரே உடம்புக்குள் போய்விடும். அதன் வாழ்க்கை பாதி தண்ணீரில், பாதி தரையில். தண்ணீர் கெட்டாலும் சாகும், தரை கெட்டாலும் சாகும்.

உலகம் முழுவதும் இதே கதைதான். தவளை, தேரை போல நீரிலும் நிலத்திலும் வாழும் உயிர் வகைகளில் நூற்றுக்கு 41 வகைகள் அழியும் ஆபத்தில் இருப்பதாக 2023-இல் கணக்கெடுத்துச் சொன்னார்கள். தென் அமெரிக்காவுக்கு மேலே கோஸ்டா ரிக்கா என்று ஒரு சின்ன நாடு உண்டு. அங்கே ஒரு மலையில் மட்டும் தங்க நிறத் தேரை வாழ்ந்தது. ஆயிரக்கணக்கில் இருந்தது. 1989-இல் ஒன்றே ஒன்றைக் கண்டார்கள். அதற்குப் பிறகு யாரும் காணவில்லை.

எங்கள் மாலை வகுப்பில் இதைப் பேசினோம். ஒரு அக்கா கேட்டார். "ஏம்மா, அந்தத் தேரை செத்தா எனக்கென்ன? என் வீட்டுல பெருச்சாளி சாகட்டும், அது போதும்."

நியாயமான கேள்விதான். அம்போலித் தேரை அழிந்தால் தாராவியில் அரிசி விலை ஏறாது. அதை மறைத்துப் பேசிப் பயன் இல்லை. ஆனால் அந்த அக்காவுக்குப் பக்கத்தில் இருந்த அண்ணாச்சி ஒன்று சொன்னார். அவர் தாராவியில் ரொம்ப காலமாக இருப்பவர். "முன்னே இங்கே சதுப்பு நிலம் அக்கா. மழை பெய்ஞ்சா தவளைச் சத்தத்துல தூங்க முடியாது. மண்ணைக் கொட்டி மேடாக்கினோம். தவளை போச்சு, பெருச்சாளி வந்துச்சு."

விஷயம் அதுதான். நாம் நிலத்தை மாற்றும்போது சில உயிர்கள் போகும், சில உயிர்கள் வரும். ஈரமும் சுத்தமும் வேண்டியவை போகும். நம் குப்பையில் வாழத் தெரிந்தவை வரும். வருபவை நோயையும் கொண்டு வரும். தவளை இருக்கும் இடத்தில் பூச்சி குறையும். நம் நாடு முன்பு தவளைக் காலை டன் டன்னாக வெளிநாட்டுக்கு அனுப்பியது. வயலில் தவளை குறைந்தால் பூச்சி கூடும் என்று பலரும் எச்சரித்தார்கள். 1987-இல் அரசு அந்த ஏற்றுமதியைத் தடை செய்தது. அது நல்ல முடிவு.

மாற்றிய நிலத்தைத் திரும்பவும் மாற்ற முடியுமா? கொஞ்சம் முடியும். தாராவிக்குப் பக்கத்தில், சயான்–பாந்த்ரா லிங்க் ரோட்டில் மகாராஷ்டிர இயற்கைப் பூங்கா இருக்கிறது. அந்த இடம் முன்பு நகரத்தின் குப்பை மேடு. மண் போட்டு மூடி, மரம் நட்டு, மழைநீர் சேரும் குளம் அமைத்தார்கள். 1994-இல் பூங்காவைத் திறந்தார்கள். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஒரு நாள் போய்ப் பாருங்கள்.

வீட்டில் செய்ய வேண்டியது இதுதான். இரவில் எச்சில் பாத்திரத்தை அப்படியே போடக் கூடாது. அரிசி, பருப்பைத் தகர டப்பாவில் வைக்க வேண்டும். சுவர் ஓரம் வளை தெரிந்தால் கண்ணாடித் துண்டும் சிமெண்டும் போட்டு அடைக்க வேண்டும். ஒரு வீடு மட்டும் அடைத்தால் பெருச்சாளி அடுத்த வீட்டுக்குப் போகும். சந்தில் உள்ள எல்லோரும் ஒரே நாளில் அடைக்க வேண்டும். கச்சரா வண்டி வராவிட்டால் நாலு பேர் சேர்ந்து வார்டு ஆபீசில் எழுதிக் கொடுங்கள். இப்போது உங்களுக்கு எழுதத் தெரியும்.

சாவந்த்வாடி, கோவா பக்கம் வேலைக்கோ கோயிலுக்கோ போகிறவர்கள் மழைக்காலத்தில் அம்போலி வழியாகப் போகலாம். வண்டி வாடகைக்கு எடுத்தால், இருட்டிய பிறகு மலை மேல் மெதுவாக ஓட்டும்படி டிரைவர் அண்ணனிடம் சொல்லுங்கள். பாறையில் இறங்கினால் பிள்ளைகளைக் குட்டையில் குதிக்க விடாதீர்கள். அந்தத் தண்ணீரில் கை கால் கழுவ வேண்டாம். சோப்புப் போடவே வேண்டாம். அதற்குள் முட்டை இருக்கும்.